தாராவித் தோல் பட்டறையும் கிளெம்ஸ் அட்டவணையும்: கைத்திறன் எந்தக் கட்டத்தில் விழுகிறது?

மும்பை ஃபோர்ட்டில் இருக்கும் ரிசர்வ் வங்கி, இந்தியா கிளெம்ஸ் என்ற தரவுத்தொகுப்பை வெளியிட்டு வருகிறது. நாட்டின் பொருளாதாரம் முழுவதையும் 27 தொழில்துறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மூலதனம், உழைப்பு, எரிசக்தி, மூலப்பொருள், சேவை (முறையே K, L, E, M, S; இந்த ஐந்து எழுத்தும் சேர்ந்ததுதான் கிளெம்ஸ்) உள்ளே போனது, எவ்வளவு உற்பத்தி வெளியே வந்தது என்பதை 1980-81 முதல் ஆண்டுவாரியாகச் சொல்லும் அட்டவணைகள் அவை. ஜப்பான், கொரியா, அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகள் எல்லாம் ஏறக்குறைய இதே முறையில் தங்கள் கணக்கை வைத்திருக்கின்றன. ஆகவே நம் ஜவுளி, தோல் துறையை இத்தாலியின் அதே துறைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இந்த வேலையின் பெரிய பயனே அதுதான்.

ஃபோர்ட்டிலிருந்து ஸ்லோ லோக்கலில் அரை மணி நேரம் போனால் சயான். இறங்கி நடந்தால் தாராவி. அங்கே ஒரு தோல் பட்டறையை எடுத்துக்கொண்டு, அது இந்த அட்டவணைக்குள் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று படிப்படியாகப் பின்தொடர்ந்து பார்த்தேன். நான் மும்பையில் பொருளாதாரப் புள்ளியியல் கற்பிப்பவன். பட்டறைக்காரர் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தவர். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. கூலி, விலை என்று கீழே வரும் தொகைகள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்ட முழு எண்கள். அவருடைய நோட்டுப் புத்தகத்தில் உள்ளவை அல்ல.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்களின் திறனைப் பள்ளிப் படிப்பை மட்டும் வைத்துப் பிரிப்பதால், இந்த மாதிரிப் பட்டறைகளின் கைத்திறன் உழைப்பு என்ற கட்டத்தில் விழாமல், உள்ளே போனவை விளக்காத மிச்சமான உற்பத்தித்திறன் என்ற கட்டத்தில் போய் விழுகிறது. அதைப் பெருமளவு சரிசெய்யத் தேவையான கேள்வி ஏற்கெனவே அரசு சர்வேயில் இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டும்.

இந்தக் கணக்கின் பூர்வீகம்

1967இல் டேல் ஜார்கன்சன், ஸ்வி கிரிலிக்கஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். உற்பத்தி வளர்ச்சியில் ஆளும் மெஷினும் விளக்காமல் விடும் மிச்சத்தைத் தொழில்நுட்ப முன்னேற்றம் என்று சொல்லிவிடும் வழக்கம் அப்போது இருந்தது. தலையை எண்ணுவதோடு நிற்காமல் தலைக்குத் தலை உள்ள தர வித்தியாசத்தையும் கணக்கில் சேர்த்தால் அந்த மிச்சம் சுருங்கும் என்று அவர்கள் காட்டினார்கள். கிளெம்ஸ் முறை முழுக்க அந்த எண்ணத்தின் மேல் கட்டியது. ஐரோப்பிய கிளெம்ஸ் 2007இல் முதன்முதலில் வெளியானது. உலக கிளெம்ஸ் முயற்சியை ஜார்கன்சன் ஹார்வர்டில் 2010இல் தொடங்கிவைத்தார். இந்தியாவில் 2009இல் ரிசர்வ் வங்கியின் ஆதரவோடு டெல்லியில் இக்ரியர் ஆய்வு நிறுவனத்தில் பேராசிரியர் கே.எல். கிருஷ்ணா தலைமையில் வேலை ஆரம்பித்தது. பிறகு அது டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்குப் போனது. இப்போது ரிசர்வ் வங்கியே நடத்துகிறது.

பட்டறை

தாராவியில் தோல் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. தோல் பதனிடும் தொட்டிகளுக்கு வேலைக்கு வந்தவர்களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் ஏராளம். தொட்டிகள் பிறகு ஊருக்கு வெளியே போய்விட்டன. தைக்கும் வேலை இங்கேயே நின்றது. பட்டறைக்கார அண்ணாச்சியின் தாத்தா தொட்டியில் வேலை பார்த்தவர், அப்பா சொந்தமாகத் தைக்கத் தொடங்கியவர், இவர் மூன்றாம் தலைமுறை.

ஒரு காலா, அதாவது பட்டறை அறை. மேலே ஒரு போட்மாலா, அதாவது குனிந்து நிற்கும் உயரத்தில் பரண் மாதிரி ஒரு மாடி. கீழே கட்டிங் மேசை, தோலின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கும் ஸ்கைவிங் மெஷின் ஒன்று, தையல் மெஷின் மூன்று. அண்ணாச்சியோடு சேர்த்து எட்டுப் பேர். தைப்பவர்கள் பெரும்பாலும் பீகார் பையன்கள், பீஸ் ரேட்டில். வெட்டுவது அண்ணாச்சியும், இருபத்தைந்து வருடமாக அவரோடு இருக்கும் கட்டிங் மாஸ்டரும். நூல் முனையைக் கருக்குவது, ஓரத்துக்குச் சாயம் தடவுவது, லைனிங் ஒட்டுவது ஆகிய வேலைகள் பையில் கட்டி சுற்று வட்டாரத்துப் பெண்களின் வீடுகளுக்குப் போகும்.

மாஸ்டர் தோலை விரித்ததும் வெட்ட மாட்டார். முதலில் உள்ளங்கையால் முழுத் தோலையும் ஒரு தடவை தடவுவார். முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் இழுக்கும். பூச்சிக் கடி, முள் கீறல் எங்கே என்று விரல் சொல்லும். பர்ஸின் வெளிப்பக்கத்துக்கு முதுகு, உள்மடிப்புக்கு வயிறு, கீறல் வரும் இடம் ஜிப்புக்கு அடியில் மறையும்படி அட்டை மாதிரியைத் திருப்பித் திருப்பி வைப்பார். ஒரே தோலில் புது ஆள் எடுப்பதைவிட அவர் எடுக்கும் துண்டுகள் அதிகம். தோல்தான் இந்தத் தொழிலில் பெரிய செலவு என்பதால் பட்டறையின் லாபம் அந்த மேசையில் தீர்மானமாகிறது. மாஸ்டர் படித்தது ஐந்தாம் வகுப்பு.

எந்தத் துறை?

இது சுலபமாகத் தெரியும், ஆனால் சுலபமில்லை. இந்தியாவின் தொழில் வகைப்பாடு 2008, ஐ.நா.வின் வகைப்பாட்டின் நான்காம் திருத்தத்தை ஒட்டியது. அதில் பர்ஸும் ஹேண்ட்பேகும் 1512. பெல்ட் ஆடையோடு சேர்ந்த அணிகலன் என்பதால் 1410. தீபாவளிக்கு முன்னால் கம்பெனிகளுக்கான அன்பளிப்பு ஆர்டர் வரும்போது பட்டறையில் பர்ஸ்தான். மற்ற மாதங்களில் பெல்ட். எதில் அதிக மதிப்புக் கூட்டல் வருகிறதோ அதுவே அந்த நிறுவனத்தின் துறை என்பது விதி. ஒரு வருடம் ஆர்டர் மாறினால் பட்டறை தோல் துறையிலிருந்து ஆடைத் துறைக்குத் தாண்டிவிடும், மெஷினும் ஆளும் அப்படியே இருக்க.

கிளெம்ஸ் இதை ஒரு வழியாகச் சமாளிக்கிறது: ஜவுளி, ஆடை, தோல், காலணி நான்கையும் ஒரே துறையாகச் சேர்த்துவிடுகிறது. ஐரோப்பிய கிளெம்ஸின் தொடக்க வெளியீட்டிலும் இதே கட்டுதான். இப்படிச் சேர்த்தால் தாண்டல் பிரச்சினை தீர்ந்துவிடும். விலை என்னவென்றால், பெரிய நூற்பாலையும் தாராவிக் காலாவும் ஒரே எண்ணுக்குள் போய்விடுகின்றன. நாடுகளை ஒப்பிட இந்த விலையைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

ஆள் ஒரு வாசல், மெஷின் இன்னொரு வாசல்

தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ் பதிவான ஆலைகளை ஆண்டுதோறும் ஏஎஸ்ஐ சர்வே எண்ணுகிறது. எட்டுப் பேர் உள்ள பட்டறை அதற்குள் வராது. அது கம்பெனியாகப் பதிவாகாத தொழில்களுக்கான சர்வேயின் பக்கம். வேளாண்மை தவிர்த்த அந்த உலகத்தில் 2023-24இல் 7.34 கோடி நிறுவனங்களும் 12.06 கோடி ஆட்களும் இருப்பதாக அந்தச் சர்வே சொல்கிறது. பட்டறையின் உற்பத்தியும் மெஷின் மதிப்பும் அந்த வாசல் வழியாகத் தேசியக் கணக்குக்குள் போகும்.

ஆட்கள் அப்படிப் போவதில்லை. கிளெம்ஸில் எத்தனை பேர், என்ன படிப்பு, என்ன கூலி என்பதெல்லாம் வீடுவீடாக எடுக்கும் சர்வேயிலிருந்து வருகிறது. முன்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்த என்எஸ்எஸ் (தேசிய மாதிரி ஆய்வு) வேலைவாய்ப்புச் சுற்றுகள், 2017-18 முதல் பிஎல்எஃப்எஸ் என்ற காலமுறைத் தொழிலாளர் சர்வே. தைக்கும் பையன்கள் போட்மாலாவில்தான் தூங்குகிறார்கள். அது வீடா, தொழிலிடமா? சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுத் தங்குபவர்கள் ஒரு குடும்பம் என்பது சர்வேயின் வரையறை, ஆகவே அவர்கள் ஒரு குடும்பமாகப் பதிவாக முடியும். ஆனால் பகலில் கதவைத் தட்டுபவருக்கு அது தையல் மெஷின் ஓடும் கடை. இப்படி விடுபட்டால், அந்தப் பையன்கள் தைத்த பர்ஸ் உற்பத்தியில் இருக்கும், அவர்கள் உழைப்பில் இருக்க மாட்டார்கள்.

இன்னொரு பக்கம், வீட்டில் நூல் கருக்கும் பெண்கள். பிரதான வேலையோடு, வருடத்தில் 30 நாளுக்குக் குறையாமல் செய்த துணை வேலையையும் சேர்த்து எண்ணுவது வழக்கம். கேட்பவர் பொறுமையாகக் கேட்டால் அந்தப் பெண்களும் வருவார்கள். வந்தால், தினம் பன்னிரண்டு மணி நேரம் மிதிக்கும் பையனும் மத்தியானம் இரண்டு மணி நேரம் கருக்கும் அக்காவும் ஆளுக்கு ஒன்று. ஐரோப்பிய கிளெம்ஸ் வேலை நேரத்தை எண்ணுகிறது, இந்தியா கிளெம்ஸ் ஆட்களை எண்ணுகிறது. பழைய என்எஸ்எஸ் சுற்றுகளில் ஒரு நாளுக்கு அரை, முழு என்ற இரண்டு அளவுதான் இருந்தது. பிஎல்எஃப்எஸ் மணிக்கணக்கைக் கேட்கிறது. ஒப்பீட்டுக்கு இது பெரிய முன்னேற்றம்.

மொத்த எண்ணிக்கையிலேயே ஒரு சந்தேகம் தொங்குகிறது. 2024 ஜூலையில் வந்த கிளெம்ஸ் மதிப்பீட்டின்படி, நாட்டின் வேலைவாய்ப்பு 2022-23இல் 59.67 கோடியாக இருந்து 2023-24இல் 64.33 கோடியானது. ஒரே ஆண்டில் சுமார் 4.67 கோடி கூடுதல் என்றதும் பெரிய விவாதம் கிளம்பியது. சர்வே தருவது விகிதத்தை. அதை மக்கள்தொகையால் பெருக்கினால்தான் ஆள் எண்ணிக்கை கிடைக்கும். கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011இல் நடந்தது. அடுத்ததன் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதுவரை பெருக்கும் எண்ணே ஒரு கணிப்பு.

திறன் எங்கே போகிறது

இனி முக்கியமான விஷயம். கிளெம்ஸ் ஆட்களை வகைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகையின் வளர்ச்சியையும் மொத்தக் கூலியில் அந்த வகைக்கு உள்ள பங்கால் எடைபோட்டுக் கூட்டுகிறது. அதிகக் கூலி வாங்குபவர் அதிக உழைப்புச் சேவை தருகிறார் என்பது அடிப்படை.

பத்துப் பேர் உள்ள ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். வெட்டுபவர் 2 பேர், மாதம் 25,000 ரூபாய். தைப்பவர் 8 பேர், மாதம் 15,000. மொத்தக் கூலி 1,70,000, அதில் வெட்டுபவர் பங்கு 29.4 விழுக்காடு. அடுத்த வருடம் தைப்பவரில் ஒருவர் வெட்டக் கற்று மேசைக்கு வந்துவிட்டார். இப்போது 3 பேரும் 7 பேரும், மொத்தக் கூலி 1,80,000, வெட்டுபவர் பங்கு 41.7 விழுக்காடு. இரண்டு வருடப் பங்கின் சராசரியை எடையாக வைத்துக் கணக்குப் போட்டால், ஆள் அதே பத்து, ஆனால் உழைப்புச் சேவை சுமார் 6 விழுக்காடு கூடியிருக்கிறது. அந்த 6 விழுக்காடுதான் திறன்.

இந்தியா கிளெம்ஸில் வகை பிரிப்பது எதை வைத்து? படிப்பை வைத்து. தொடக்கக் கல்விக்கும் கீழே தொடங்கி, மேல்நிலைக்கு மேலே வரை ஐந்து படிகள். மேலே சொன்ன பத்துப் பேரும் எட்டாவது வரை படித்தவர்கள் என்றால் எல்லோரும் ஒரே படியில் நிற்கிறார்கள். ஆகவே படி மாற்றம் பூஜ்யம். 6 விழுக்காடு உழைப்பில் தெரியாது. ஆனால் பர்ஸ் அதிகமாக வெளியே வந்திருக்கிறதே, அதை எங்கே காட்டுவது? மதிப்புக் கூட்டலில் உழைப்பின் பங்கு பாதி என்றால், அந்த 6இல் பாதியான 3 விழுக்காடு மொத்தக் காரணி உற்பத்தித்திறன் என்ற மிச்சத்தில் போய் உட்காரும். அட்டவணையைப் பார்ப்பவர், புதிய தொழில்நுட்பம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று எழுதுவார்.

எதிர்த்திசையில் நடப்பது இன்னும் மோசம், அதுதான் இப்போது நடக்கிறது. ஐந்தாம் வகுப்பு மாஸ்டர் ஓய்வுபெறுகிறார். அவர் இடத்தில் பத்தாவது படித்த பையன் வருகிறான். படிப்புக் குறியீடு ஏறுகிறது. தோல் வீணாவது கூடுகிறது. உழைப்பின் தரம் உயர்ந்தும் உற்பத்தி உயரவில்லை, ஆகவே உற்பத்தித்திறன் வீழ்ச்சி என்று அட்டவணை சொல்லும். நடந்தது திறன் இழப்பு, அட்டவணை காட்டுவது வேறு.

நான் படிப்பைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி சொன்னார்: "தம்பி, மாஸ்டருக்கு அஞ்சாங்கிளாஸ்னு எழுதிட்டிய. தோல பாத்தா அவருக்கு என்னென்ன தெரியும்னு ஒரு வார்த்த கேக்கலியே." "பாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல அண்ணாச்சி" என்றேன். "அப்பம் கட்டம் போடுங்க" என்றார்.

படிப்புக்குப் பதில் தொழிலின் பெயரை வைத்துப் பிரித்தால்? அதுவும் முழுத் தீர்வில்லை. ஆள் செய்யும் வேலையைப் பிரிக்கும் உலக வகைப்பாட்டில் வெட்டுபவர் 7532, தையல் மெஷின் ஓட்டுபவர் 8153. ஆனால் பெருந்தொகுதி 4 முதல் 8 வரை எல்லாவற்றுக்கும் ஒரே திறன்நிலை, இரண்டு. மாஸ்டரும் போன மாதம் மெஷினில் உட்கார்ந்த பையனும் சமம்.

ஐரோப்பாவோடு ஒப்பிடும்போது இந்த ஓட்டை பெரிதாகிறது. அங்கே உயர், நடு, தாழ் என்று மூன்று திறன்படிகள். அதோடு வயது, பாலினமும் சேர்த்து 18 வகை. ஜெர்மனியில் பட்டறையில் வேலை கற்று, சான்றிதழ் வாங்கியவர் நடுப்படியில் சேர்வார். அதே வேலையை அப்பாவிடம் கற்ற நம் மாஸ்டருக்குச் சான்றிதழ் இல்லை, ஆகவே அடிப்படி. வயது என்ற வகை இருந்தாலாவது இருபத்தைந்து வருட அனுபவம் ஓரளவு உள்ளே வந்திருக்கும். படிப்புப் படிகளுக்கு நாட்டுக்கு நாடு பொருள் வேறு என்பதை ஐரோப்பியத் தரவுக்காரர்களும் எச்சரிக்கையாகவே சொல்லியிருக்கிறார்கள்.

முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஆள்

அண்ணாச்சிக்கு மாதக் கடைசியில் மிஞ்சும் பணத்தில் வெட்டுகிற கூலி எவ்வளவு, மெஷினுக்கு உரிய வருமானம் எவ்வளவு? அவருக்கே தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. தேசியக் கணக்கில் இதற்குக் கலப்பு வருமானம் என்று பெயர். பணக்கார நாடுகளில் சொந்தத் தொழில் செய்பவருக்கும் அதே மாதிரிக் கூலியாளுக்குள்ள கூலியை வைத்துவிடுவார்கள். அங்கே அப்படிப்பட்டவர்கள் சிறு பகுதி. இந்தியாவில் 2023-24 பிஎல்எஃப்எஸ்படி வேலை செய்பவர்களில் 58.4 விழுக்காடு சுயதொழில். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கூலியை ஊகித்து வைத்தால், பிழை சிறிதாக இருந்தாலும் முடிவு பெரிதாக ஆடும். இந்தியா கிளெம்ஸ் குழு படிப்பு, வயது முதலியவற்றைக் கொண்டு சமன்பாடு போட்டு அந்த வருமானத்தை மதிப்பிட்டது. பிஎல்எஃப்எஸ், சுயதொழில் செய்பவரிடமே முந்தின 30 நாள் வருமானத்தைக் கேட்கிறது. பதில் துல்லியமாக வராது. ஆனாலும் கேட்காமல் ஊகிப்பதைவிட நல்லது.

மெஷினும் போட்மாலாவும்

மூலதனத்தில் முறை தெளிவாக இருக்கிறது. கட்டடம், வண்டி வாகனம், இயந்திரம் என மூன்று வகை. ஆயுள் முறையே 80, 20, 25 ஆண்டுகள், தேய்மானம் 2.5, 10, 8 விழுக்காடு. பொருளின் மதிப்பை அப்படியே கூட்டுவதில்லை. வருடத்துக்கு அது தரும் சேவையைத்தான் கூட்டுகிறார்கள். 40,000 ரூபாய் மெஷின், வட்டி 12 விழுக்காடு, தேய்மானம் 8, விலை மாறவில்லை என்றால் வருடச் சேவை 8,000. கட்டடத்தில் போட்ட அதே 40,000க்கு 12உம் 2.5உம் சேர்த்து 5,800தான். ஆகவே பணம் கட்டடத்திலிருந்து மெஷினுக்கு நகர்ந்தால், மொத்த மதிப்பு மாறாமலே மூலதனச் சேவை கூடும். வெட்டுபவர் கணக்கில் பார்த்த அதே யோசனை.

காலா வாடகை என்றால் அந்தக் கட்டடம் தோல் துறையின் மூலதனமே இல்லை. ரியல் எஸ்டேட் துறையின் மூலதனம். அண்ணாச்சி கட்டும் வாடகை கடைசி எழுத்தான சேவையில் விழும். பக்கத்துக் காலாக்காரர் சொந்தக்காரர் என்றால் அவருடையது மூலதனம். ஸ்கைவிங் மெஷின் பழையதாக வாங்கியது. தேசியக் கணக்கில் பழைய மெஷின் கைமாறினால் வாங்குபவருக்குக் கூட்டல், விற்பவருக்குக் கழித்தல், நாட்டுக்குப் பூஜ்யம். விற்றவர் எந்தத் துறை என்று தெரியாதபோது கழித்தல் எங்கேயோ போய்விடும். நிலம் இந்த மூன்று வகையில் இல்லை. தாராவியில் எல்லாவற்றையும்விட விலை உயர்ந்தது நிலம்தான்.

மின்சாரமும் தோலும் நேரடியானவை. பில் இருக்கிறது, விலைக் குறியீடு இருக்கிறது. அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்

தொழிற்பயிற்சி பற்றி பிஎல்எஃப்எஸ் ஒரு கேள்வி கேட்கிறது: முறையான பயிற்சியா, பரம்பரையாகக் கற்றதா, தானே கற்றதா, வேலையிடத்தில் கற்றதா என்று. அண்ணாச்சிக்குப் பரம்பரை, மாஸ்டருக்கு வேலையிடம். அவர் கேட்ட கட்டம் இந்தச் சர்வேயில் இருக்கத்தான் செய்கிறது. கிளெம்ஸின் வகைப் பிரிப்பில்தான் அது இல்லை. ஐந்து படிப்புப் படிகளில் கீழ் மூன்றையும் வயதாலும் இந்தப் பயிற்சி விடையாலும் பிரித்தால் மாஸ்டரும் அதே படிப்புள்ள புதுப் பையனும் வெவ்வேறு வகைக்குப் போவார்கள். அவர்கள் கூலி வித்தியாசமே எடையைத் தந்துவிடும்.

வகை கூடினால் ஒவ்வொரு வகையிலும் சிக்கும் ஆட்கள் குறைவார்கள் என்பது நியாயமான ஆட்சேபம். 2024 வரை சர்வே எடுத்தது நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் வீடுகள், 2025 முதல் சுமார் 2.7 லட்சம். ஜவுளி, ஆடை, தோல் துறைக்கு அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். மூன்று வருடத் தரவைச் சேர்த்துக் கூலி விகிதத்தை எடுத்துக்கொண்டு, ஆள் எண்ணிக்கையை மட்டும் ஆண்டுவாரியாக வைத்தால் சமாளிக்கலாம். 1980-81 வரை பின்னால் போக முடியாது, ஆகவே இருக்கும் தொடரை மாற்றக் கூடாது. இருப்பது அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் 2017-18 முதல் இரண்டாவது திறன் குறியீடு ஒன்றை ரிசர்வ் வங்கி வெளியிடட்டும். ஒரு துறையில் இரண்டு குறியீடுகளும் விலகினால், அங்கே கைத்திறன் கூடுகிறதா குறைகிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். முதலில் 27இல் கைவேலை அதிகமுள்ள நாலைந்து துறைகளுக்குச் செய்து பார்த்தால் போதும். மேசைகளில் மாஸ்டர்கள் இன்னும் இருக்கும்போதே இதைத் தொடங்க வேண்டும்.